சீரகத்தின் பல்லும் பிரவின்ஜியின் தேங்காயும்

துடியலூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையைவிட நீளமான வரிசை ஒன்று நின்றால், அது ஜீவஸ்ரீ பிரவின்ஜியின் ஜீவவாக்கு நிலையத்துக்கு முன்னால்தான் நிற்கும். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், முன்பு டைல்ஸ் கடை இருந்த இடம். வரிசையில் நிற்பவர்களுக்கு நோய் இல்லை. அவர்களின் கையிலும் தோளிலும் கூடையிலும் இருப்பவற்றுக்குத்தான் நோய். நாக்கைத் தொங்கப்போட்ட லாப்ரடார் ஒன்று. யாரையும் மதிக்காத பெர்சியன் பூனை ஒன்று. தண்ணீர்ப் பையில் ஒரு தங்கமீன். அதற்கு என்ன சீக்கு என்று எனக்குத் தெரியாது, மீனுக்கும் தெரிந்திருக்காது. காங்கேயத்திலிருந்து ஒருவர் மினி லாரியில் காளையையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் காளை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே கூடியிருந்த உயிர்களில் விஷயம் புரிந்தது அதற்கு மட்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வரிசையில் கூண்டும் கையுமாக நின்ற இன்னொரு அறிவாளி நான். பெயர் திருமூர்த்தி. மெக்கானிக்கல் இன்ஜினியர். பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறேன். அது மட்டுமா? துடியலூர் சிந்தனையாளர் பேரவையின் செயலாளரும் நானே. பேரவை என்றதும் மாநாட்டுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரே காரில் அடங்கிவிடுவோம். பூனை குறுக்கே போனால் காரியம் கெடுமா, பல்லி சொன்னால் பலிக்குமா என்று வாட்ஸ்அப்பில் நான் எழுதிய கட்டுரைகளைப் படித்துத் திருந்தியவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று தெரியாது. எழுதியவன் திருந்தவில்லை என்பது மட்டும் உறுதி.

எனக்கு முன்னால் பொமரேனியனை இடுக்கிக்கொண்டு நின்ற அம்மாள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பெயர் சென்னியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, உள்ளாற என்னங்க? பெருச்சாளிங்களா?"

"இல்லீங்க. டெகுங்க."

"அப்படின்னா?"

"சிலி நாட்டுப் பிராணிங்க. அணிலுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வெச்சுக்கோங்க."

"அடக் கருமமே. அத்தாத்தூரத்துல இருந்து வந்ததுக்குமா நம்மூர்க் கண்ணு பட்டுப்போச்சு?" என்று அவர் உச்சுக்கொட்டினார். நானும் தலையை ஆட்டினேன். செயலாளர் தலையை ஆட்டினார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டெகுவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அணிலின் உடம்பு, எலியின் முகம், வால் நுனியில் துடைப்பம் போல ஒரு குஞ்சம். பகலில் விழித்திருக்கும். ஆட்களைக் கண்டால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கீச்சுக்கீச்சென்று ஊர் நியாயம் பேசும். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் அக்ஷிதா அதற்குச் சீரகம் என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் அவள் குரல் கேட்டதும் அது போடும் கூச்சலில்தான் எங்கள் வீடே எழுந்திருக்கும். காய்ந்த புல்லைக் கொறிக்கும், சக்கரத்தில் ஓடும், மண்ணில் புரண்டு குளிக்கும். அதற்கு ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான் வந்தது.

ஒருநாள் அது கொட்டாவி விட்டபோது பல்லைப் பார்த்துவிட்டேன். முன்பற்கள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. வெற்றிலை போட்டுப் போட்டுக் காவியேறிய பல் மாதிரி. அக்ஷிதாவைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இதுக்கு ஈரல் கெட்டுப்போச்சாட்ட இருக்குது. பல்லைப் பாரு."

"இல்லீங்கப்பா. டெகுவுக்குப் பல்லு ஆரஞ்சாத்தான் இருக்கோணும். வெளுத்தாத்தான் சீக்கு. வாங்கறதுக்கு முன்னாடியே எல்லாம் படிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"நெட்டுல வர்றதையெல்லாம் நம்பப்படாது சாமி. எதையும் நாமளா யோசிக்கோணும்."

இப்படி அவளுக்குப் பகுத்தறிவு போதித்துவிட்டு, நானாக யோசித்து, வாட்ஸ்அப்பில் பெரியம்மா மகன் அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். அதில் காவி ஜிப்பா போட்ட ஒருவர், "வீட்டுப் பிராணிக்குப் பல் நிறம் மாறினால் அது தோஷம். எஜமானனின் பாவத்தை அந்த ஜீவன் மென்று கொண்டிருக்கிறது" என்றார். அவர்தான் பிரவின்ஜி. முன்பு மொபைலுக்குக் கவர் விற்ற பிரவின்குமார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். வெறும் மந்திரவாதியாக இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அவர் தேங்காய் வைத்துப் பார்ப்பவர். எங்கள் பக்கத்தில் தேங்காய் வேறு, மந்திரம் வேறு. காங்கேயத்தில் எங்கள் தோட்டத்தில் போர் போடும்போதெல்லாம், குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் காட்டுக்குள் நடப்பார். தேங்காய் எந்த இடத்தில் எழுந்து நிற்கிறதோ அந்த இடத்துக்கு அடியில் நீரோட்டம். எங்கள் காட்டில் தேங்காய் நிற்காத இடமே கிடையாது. துளை போட்ட இடத்திலெல்லாம் புழுதி பறந்தது. "நீரோட்டம் இருக்குதுங்க, பாறை மறைக்குது" என்பார்கள். அப்பாவும் பாறையைத்தான் திட்டினார், தேங்காயைத் திட்டியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை நான். சாமி இல்லை என்று மேடையில் சொல்வேன். தேங்காய் பொய் சொல்லும் என்று மனசுக்குள்கூடச் சொன்னதில்லை.

என் முறை வந்தது. பிரவின்ஜி கண்ணை மூடிக்கொண்டு தேங்காயை உள்ளங்கையில் குறுக்காகப் படுக்க வைத்தார். கையைக் கூண்டுக்கு மேலே கொண்டுவந்தார். தேங்காய் அசைந்தது. மெல்லத் தலையைத் தூக்கியது. குடுமி கூரையைப் பார்க்க எழுந்து நின்றேவிட்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சீரகம் பயந்துபோய் மூலைக்கு ஓடியது.

"பல்லுல தோசம் இறங்கியிருக்குதுங்க. ஆரஞ்சு நெருப்போட நெறம். உள்ளாற எரிஞ்சுட்டு இருக்குது."

நான் அப்படி ஒன்றும் ஏமாறுகிற ஆள் இல்லை. நிமிர்ந்து நின்று கேட்டேன். "விஞ்ஞானரீதியா இது எப்படிங்க?"

பிரவின்ஜி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஃப்ரீக்வென்சிங்க."

"அப்படிங்களா" என்றேன். அதற்கு மேல் என்ன கேட்பது? இங்கிலீஷில் சொல்லிவிட்டாரே.

அவர் தட்சணை வாங்க மாட்டார். அதுதான் அவர் பெருமை. தோஷத்தைச் சுத்தம் செய்யச் சுத்தி உருண்டை என்று ஒன்று விற்பார். நாட்டுச் சர்க்கரை, தேன், பொரிமாவு எல்லாம் சேர்த்துப் பிடித்தது. அதன் விலைக்கு எங்கள் பட்டறையில் ஒரு ஆளுக்கு வாரச் சம்பளம் கொடுக்கலாம். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடுங்க. பல்லு வெளுக்க வெளுக்கத் தோசம் இறங்குதுன்னு அர்த்தம்" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோனதும் அக்ஷிதா டப்பாவை வாங்கிப் படித்தாள்.

"அப்பா, இதுக வெல்லமே திங்கப்படாதுங்கப்பா. சர்க்கரை ஒத்துக்காது. பழங்கூடக் குடுக்கப்படாதுன்னு நான் படிச்சதுல போட்டிருக்குது."

"நாட்டுச் சர்க்கரை கண்ணு. வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல்."

நான் ஒன்று சொன்னால் சொன்னதுதான், இன்ஜினியர் அல்லவா? அவள் அழுதாள். நான் கொடுத்தேன்.

சீரகம் உருண்டையை ஆசையாகத் தின்றது. புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அதிசயம் நடந்தது. பல் வெளுக்க ஆரம்பித்தது! ஆரஞ்சு மஞ்சளாகி, மஞ்சள் வெளிறிப் பாலாடை நிறத்துக்கு வந்தது. நான் போட்டோ எடுத்து அனுப்பினேன். பிரவின்ஜி அன்றைக்கே ஆளும் கேமராவுமாக வந்து நின்றார். "நானும் உங்களை மாதிரி நம்பிக்கை இல்லாதவனா இருந்தவன்தானுங்க..." என்று ஆரம்பித்து நான் பேசிய பேச்சு ஊர் முழுவதும் சுற்றியது. அடுத்த வாரம் துடியலூர் நாற்சந்தியில் ஃபிளக்ஸ் வைத்தார்கள். "நாத்திகரையே தலைவணங்க வைத்த நாதன்!" ஒரு பக்கம் பிரவின்ஜி, மறு பக்கம் கைகூப்பியபடி நான், நடுவில் பல் தெரியச் சீரகம். அதே படம் போட்ட நோட்டீஸ் கட்டு ஒன்றை, ஊருக்கெல்லாம் கொடுக்கச் சொல்லி எங்கள் வீட்டிலும் இறக்கிவிட்டுப் போனார்கள்.

பேரவைத் தலைவர் அன்புமணி போன் செய்தார். "தோழர், ஃபிளக்ஸுல இருக்கறது நீங்கதானா? இல்ல, உங்களாட்டவே இருக்கற வேற யாராச்சுமா?"

"சிக்னல் சரியாக் கெடைக்கலீங்க" என்று வைத்துவிட்டேன். வீட்டுக்குள் நின்றுகொண்டு.

இதற்கிடையில் கூண்டுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். காலையில் அக்ஷிதாவின் குரல் கேட்டும் சீரகம் கம்பிக்கு வரவில்லை. கூச்சல் நின்றுபோனது. அமைதி வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் அசையாமல் உட்கார்ந்தது. தியானம் என்றேன். தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்து காலி செய்து குடித்தது, படுக்கைப் புல் எப்போதும் நனைந்து கிடந்தது. உள்ளே இருக்கும் நெருப்பு அணைகிறது என்றேன். தாடைக்குக் கீழே எச்சில் வழிந்து மயிர் ஒட்டிக்கொண்டது. கழிவு வெளியேறுகிறது என்றேன். கையில் எடுத்தால் முதுகெலும்பு தட்டுப்பட்டது. பாரம் இறங்குகிறது என்றேன். ஒரு பிராணி தனக்கு முடியவில்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் அது என்னிடம் சொன்னது. நான் ஒவ்வொன்றுக்கும் பிரவின்ஜியின் அகராதியில் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்ஷிதா சீரகத்தை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "அப்பா, இதோட கண்ணைப் பாருங்கப்பா."

இடது கண்ணில் பால் ஊற்றியது போல ஒரு வெள்ளை.

 உண்மையிலேயே பயந்துபோனேன். ஆனாலும் நான் போன் செய்தது டாக்டருக்கு அல்ல, பிரவின்ஜிக்கு. "ஞானக்கண் திறக்குதுங்க. நாளைக்கு நம்ம ஆண்டுவிழா, நீங்கதான் சிறப்பு விருந்தினர். ஜீவனையும் கொண்டாங்க" என்றார்.

என் மனைவி மோகனப்பிரியா சோமனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். எந்த நூல் எந்த மில்லில் இருந்து வந்தது என்று தெரிந்தால் பார்க்கிறவர்களின் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதற்காக, லேபிளை மறைத்துவிட்டுத்தான் அவர்கள் சோதிப்பார்கள். அன்றுவரை என் விஷயத்தில் தலையிடாமல் இருந்தவள் அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, பட்டறையில ஒரு மோட்டாரை ஓட்டிப் பாக்காம வெளிய அனுப்புவீங்களா?"

"அதெப்படி அனுப்பறது?"

"அப்ப அந்தத் தேங்காயையும் ஒருக்கா ஓட்டிப் பாத்துரலாங்க. நாளைக்கு நானும் வாரேன். கூண்டெல்லாம் நான் கொண்டாறேன், நீங்க தொடவே வேண்டாம்."

"தாராளமா வா. உனக்கும் நம்பிக்கை வரும்" என்றேன். இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்துகிறாள். அவள் பொறுமையை நினைத்தால் எனக்கே பரிதாபமாக இருக்கிறது.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு மாலை போட்டார்கள். மேடையில் மூன்று கூண்டுகளை மோகனப்பிரியா வரிசையாக வைத்தாள். மூன்றையும் கெட்டியான காடாத்துணியால் மூடியிருந்தாள். மைக்கை வாங்கினாள்.

"சாமி, இங்க மூணு கூண்டு இருக்குதுங்க. உள்ளாற என்ன இருக்குது, அதுக்கு என்ன சீக்குன்னு தேங்காய்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க. துணியை அப்புறமா எடுத்துக்கலாங்க."

பிரவின்ஜியின் முகம் மாறியது. "அம்மணி, சோதனை பண்ணினா சக்தி கோவிச்சுக்குங்க."

அவர் அத்தோடு தப்பித்திருப்பார். தப்பவிடாமல் பிடித்தது யார் தெரியுமா? நான்தான். மாலையும் கழுத்துமாக எழுந்து நின்று, "சாமி, வெச்சுக் காட்டுங்க சாமி! நம்பாதவங்க வாயை அடைங்க!" என்று கத்தினேன். பக்திதான் அவரை மாட்டிவிட்டது. கூட்டமும் சேர்ந்து, "வைங்க சாமி, வைங்க!" என்று கத்தியது. பொமரேனியனும் குரைத்தது.

வேறு வழியில்லாமல் தேங்காய் உள்ளங்கைக்கு வந்தது. முதல் கூண்டுக்கு மேலே போனது. எழுந்து நின்றது.

"இது திருமூர்த்தி ஊட்டு ஜீவன். பூரண சுத்தி. ஒரு தோசமும் இல்லை."

இரண்டாவது கூண்டிலும் நின்றது. "இது பெண் ஜீவன். ஈரல்ல வீக்கம். ரெண்டு டப்பா உருண்டை குடுத்தாச் சரியாகிப்போகும்."

மூன்றாவது கூண்டுக்கு மேலே தேங்காய் துள்ளி எழுந்தது. பிரவின்ஜி மூச்சு வாங்கினார். "அய்யோ! இதுல கொடிய விசம் இருக்குது. கிட்டப் போகாதீங்க. உசுருக்கே ஆபத்து!"

மோகனப்பிரியா முதல் துணியை எடுத்தாள். உள்ளே இருந்தது ஒரு நூல் கோன். பூரண சுத்தியாகத்தான் இருந்தது, நாற்பதாம் நம்பர் பருத்தி நூல்.

கூட்டம் கழுத்தை நீட்டி எட்டி எட்டிப் பார்த்தது. பிரவின்ஜி மட்டும் அசரவில்லை. "பருத்திச் செடியும் ஒரு ஜீவன்தானுங்களே. அதோட ஆத்மா பேசியிருக்குது." கூட்டத்தில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன், மாலை இடித்தது.

இரண்டாவது துணி. உள்ளே என் பட்டறையில் வார்த்த பம்ப் இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் இரும்புச் சக்கரம். ஈரல் வீங்கிய பெண் ஜீவன்.

சென்னியம்மாள் எழுந்தார். "ஏனுங்க சாமி, இரும்பு எந்தச் செடியில காய்க்குதுங்க?"

மூன்றாவது துணியை எடுக்க விடாமல் பிரவின்ஜியின் ஆட்கள் ஓடி வந்தார்கள். காங்கேயத்துக் காளைக்காரர் குறுக்கே நின்றார். துணி விலகியது. கொடிய விஷம், கிட்டப் போகக்கூடாதது, உயிருக்கே ஆபத்தானது கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. பிரவின்ஜியின் சுத்தி உருண்டை டப்பா.

தேங்காய் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை உண்மை பேசியது, அதுவும் தெரியாமல்.

"சீரகம் எங்கே?" என்று அலறினேன். அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பே வந்தது.  மோகனப்பிரியாவின் போன் அடித்தது. அதை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். அக்ஷிதா காலையிலேயே சீரகத்தைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போயிருந்தாள். பேசியது டாக்டர் பிரத்யுஷா.

"இந்த டெகுவுக்கு வெல்லம் குடுத்தது யாருங்க?"

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. மாலை வேறு போட்டிருந்ததால் அடையாளம் காண்பது சுலபமாக இருந்தது.

"சர்க்கரை வியாதியை வரவழைச்சிருக்கீங்க. நல்லா இருக்கற டெகுவுக்குப் பல்லு ஆரஞ்சாத்தானுங்க இருக்கும். வெளுத்தா உள்ளாற ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கம்பிக்கு வராம உக்காந்தா, அளவுக்கு மீறித் தண்ணி குடிச்சா, எச்சி வழிஞ்சா அன்னைக்கே கொண்டாந்திருக்கோணும். இடது கண்ணு இனித் தெளியாதுங்க. உசுரைக் காப்பாத்தப் பாக்கறேன். வேற உறுதி எதுவும் இப்ப சொல்ல முடியாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் துக்கம் பெரிதாக இருந்தது. நோயே இல்லாத ஒரு சின்ன உயிருக்கு நோய் கண்டுபிடித்து, அதற்கு மருந்து கொடுத்து, அந்த மருந்தாலேயே நோயை வரவழைத்து, அந்த நோயைக் குணம் என்று ஊருக்கே விளம்பரம் செய்திருக்கிறேன். மாலையைக் கழற்றினேன். மேஜையில் கிடந்த தேங்காயை எடுத்து உள்ளங்கையில் படுக்க வைத்து, கட்டைவிரல் பக்கத்துச் சதையைக் கொஞ்சம் இறுக்கிக் கையைச் சாய்த்துப் பார்த்தேன். தேங்காய் எழுந்து நின்றது. ஃப்ரீக்வென்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. புவியீர்ப்பு மையம். கல்லூரியில் அந்தப் பாடத்தில் நான் டிஸ்டிங்ஷன் வாங்கியவன்.

தேங்காயோடு நான் மைக்குக்குப் போய் அதைச் செய்து காட்டியபோது கூட்டம் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறியது. பிரவின்ஜி பின்பக்க வழியாகப் போய்விட்டார். காளை மட்டும் மினி லாரியில் நின்றபடியே அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

சீரகம் பிழைத்துக்கொண்டது. பல நாள் ஊசியும் புல்லும் அக்ஷிதாவின் பிடிவாதமுமாகப் பிழைத்தது. இடது கண் போனது போனதுதான். தேய்ந்த பல் அடியிலிருந்து புதிதாக வளர வளர, ஆரஞ்சு மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தது. அதைப் பார்க்க நான் தினமும் கூண்டு முன்னால் உட்கார்ந்தேன். ஒருநாள் காலையில் அக்ஷிதாவின் குரல் கேட்டதும் அது கம்பியைப் பிடித்து நின்று பழைய கூச்சலைப் போட்டது. நான் குளியலறையில் இருந்தேன். அங்கேயே நின்று அழுதேன். அக்ஷிதா என்னிடம் பேச ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

மிச்சம் இருந்த நோட்டீஸ்களை வீணாக்கவில்லை. கூண்டுக்கு அடியில் விரிக்கிறோம். ஏனென்று தெரியவில்லை, சீரகத்துக்குக் கைகூப்பி நிற்கும் என் படத்தின் மேல் தனிப் பிரியம். மூக்கிலிருந்து ஆரம்பித்துக் கொறிக்கிறது. மற்ற காரியத்தையும் அங்கேயே முடித்துக்கொள்கிறது.

போன வாரம் காங்கேயத்திலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"டேய் மூர்த்தி, நம்ம மேக்காட்டுல போர் போடறோம்டா. தண்ணி பாக்க ஒருத்தர் வந்திருக்கறாரு. கோயமுத்தூர்ல பெரிய ஆளாமா, பேரு பிரவின்ஜி. கையில தேங்காய் சும்மா நட்டுக்கிட்டு நிக்குது போ!"

"சித்தப்பா, ரிக்கு வண்டிக்குச் சொல்லிப்போட்டீங்களா?"

"இன்னுமில்ல. ஏன்டா?"

"மொதல்ல அந்தத் தேங்காயைப் புடுங்கி ஒடைங்க. அவரு காட்டற தண்ணி மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்குது. குடிச்சுப்போட்டு, உக்காந்து யோசிங்க."